பெயர் போய் ஊர் நின்ற பெண்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணை அவள் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது பழைய வழக்கம். செந்துறையிலிருந்து வந்தவள் செந்துறையாள். வேப்பூரிலிருந்து வந்தவள் வேப்பூராள். மாமியாரும் நாத்தனாரும் ஓரகத்தியும் அப்படித்தான் அழைப்பார்கள். ஊரும் அப்படித்தான் அறியும். பேரப்பிள்ளைகளுக்கு அவள் அப்பாயி அல்லது அம்மாயி. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி அவளை அழைத்தவர்கள் வேறோர் ஊரில் இருந்து, அவளுக்கு முன்பே இறந்துபோகிறார்கள். நான்காம் தலைமுறைக்கு வரும்போது அந்தப் பெயர் இல்லை. அதே வீட்டில் ஆண்வழி முன்னோரின் பெயர்களைக் கேட்டால் ஐந்தாறு தலைமுறைக்குத் தங்கு தடையின்றி வந்து விழும். இதை மறதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மறதி எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வதில்லை. காணி யாருடையது, பங்கு யாருக்கு, கொள்ளி போடுபவர் யார் என்ற கேள்விகளுக்கு ஆணின் பெயர் தேவைப்பட்டது. பெண்ணின் பெயர் தேவைப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மண்ணில் களை பறித்தும் நாற்று நட்டும் தார் சுற்றியும் வாழ்ந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குடும்ப ஆவணங்களைக் கொண்டு மீட்க முடியும் என்பது என் வாதம். ஆனால் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுபவருக்கு அவள் அகப்பட மாட்டாள். ஒவ்வோர் ஏட்டையும் யார், எதற்காக எழுதினார் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு, அவளுடைய உழைப்பு யாருக்கு வேண்டியிருந்ததோ அவர்களுடைய கணக்குகளில் அவளைத் தேட வேண்டும்.

தேடும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இன்று எண்பது வயதைக் கடந்த ஒருவரின் அப்பாயி 1890ஐ ஒட்டிப் பிறந்திருக்கக்கூடும்; அந்த அப்பாயியின் தாய் 1870ஐ ஒட்டிப் பிறந்து, 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைச் சிறுமியாகக் கண்டிருக்கக்கூடும். கேட்டவர் ஒருவர், சொன்னவர் ஒருவர் என்று இரண்டே கைமாறலில் நினைவு அங்கே போய்ச் சேருகிறது. எழுத்துச் சான்றுகளைத் தேடும்போது இன்றைய மாவட்டப் பெயர்கள் உதவமாட்டா. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் சேர்ந்து, 2007இல் மறுபடி தனி மாவட்டமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவை யாவும் திருச்சிராப்பள்ளி ஜில்லா. லூயிஸ் மூர் 1878இல் வெளியிட்ட ஜில்லா மானுவலும் ஹெமிங்வே 1907இல் வெளியிட்ட கெசட்டியரும் அந்தத் தலைப்பில்தான் கிடைக்கும். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிய ‘வாரியூர்பொல்லம்’ நம் உடையார்பாளையம் என்று தெரிந்திருக்க வேண்டும். வேலைகளும் இடத்துக்கு இடம் மாறின. வடக்கே கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் வரகும்; தெற்கே கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம் நஞ்சை நடவு; ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பகுதியில் தறி. இந்த மூன்று உழைப்பும் பெண்களின் கைகளில் நடந்தன. ஆனால் மூன்றும் ஏடுகளில் ஒரே விதமான தடத்தை விட்டுச் செல்லவில்லை.

வீட்டிலிருக்கும் தாள்களிலிருந்து தொடங்குவோம். பழைய தகரப் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் பாகப்பிரிவினைப் பத்திரம், கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், புரோநோட்டு, ஒன்றிரண்டு சாதக ஓலைகள். இவற்றில் முதலாவது முழுக்க ஆண்களின் ஏடு. இன்னார் மகன் இன்னார் என்று தொடங்கிப் பங்காளிகளை வரிசைப்படுத்துவதே அதன் வேலை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் வந்தது 1989இல்தான். அதற்கு முன் மகளை அந்த வரிசையில் எழுதவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கிரயப் பத்திரங்களையும் அடமானப் பத்திரங்களையும் பொறுமையாகப் படித்தால் பெண்கள் தென்படுவார்கள். அவர்களில் கணிசமானவர்கள் கைம்பெண்கள். பழைய இந்துச் சட்டத்தில், மகனில்லாமல் தனிச்சொத்தை விட்டு இறந்தவனின் மனைவி அதை அனுபவிக்கலாம். விற்க வேண்டுமானால் கடன், ஈமச்செலவு, மகள் கல்யாணம் போன்ற தக்க காரணம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கணவனின் பங்காளிகள் பின்னாளில் வழக்குத் தொடுப்பார்கள். வாங்குகிறவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பத்திரத்தில் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார். அவளுடைய பெயர், கணவன் பெயர், சில வேளை தகப்பன் பெயர், ஊர், எதற்காக விற்கிறாள் என்பது, இறுதியில் அவளுடைய கைநாட்டு. அவளுடைய வாழ்க்கையை அறியும் ஆர்வம் அந்தப் பத்திர எழுத்தருக்குக் கிடையாது. வாங்குபவரின் பயம்தான் அவளுடைய கடனையும் துயரத்தையும் மகளின் கல்யாணத்தையும் எழுத்தில் ஏற்றியது. சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1860களின் நடுவில் முறைப்படுத்தப்பட்டதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இந்தத் தடம் உண்டு. எனினும் இது காணி இருந்த பெண்ணின் தடம். காணியே இல்லாதவளுக்கு இந்தப் பெட்டி திறக்காது.

எழுத்தறிவும் நல்ல நினைவாற்றலும் உள்ள குடும்பமாக இருந்தால் நிலைமை மாறுமா என்று கேட்கலாம். அதைச் சோதிக்க இந்தப் பகுதியிலேயே ஒரு சிறந்த சான்று இருக்கிறது. 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையரின் இளமைக்காலத்தின் கணிசமான பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் கார்குடியிலும் கழிந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரும் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரும் அவருடைய தொடக்ககால ஆசிரியர்கள். அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் இசை கற்ற கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவில் இருந்தவர். 1940களில் வாரந்தோறும் வெளிவந்து பின்னர் நூலான ‘என் சரித்திரம்’, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரியலூர் வட்டாரத்தைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் குடும்பப் பதிவுகளில் மிகவும் வளமானது. அதில் ஆசிரியர்கள், ஆதரித்த செல்வர்கள், வித்துவான்கள் ஆகியோரின் பெயரும் ஊரும் குணமும் தெளிவாக நிற்கின்றன. தாய் சரஸ்வதியம்மாள் அன்போடு நினைக்கப்படுகிறார். ஆனால் ஒரு மாணவன் தன் கல்வியின் கடனைத் தீர்க்க எழுதிய நூல் அது. கற்பித்தவர்களையும் சோறிட்டவர்களையும் பெயர் சொல்லி வணங்குவது அதன் நோக்கம். அந்தச் சோற்றுக்கான நெல்லை நட்டவர்களையும் குத்தியவர்களையும் பெயர் சொல்லிப் பதிவது அதன் நோக்கம் அன்று. அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. மிக நேர்மையான, மிகக் கூர்மையான நினைவும் தனக்கென ஒரு கடமையை வைத்துக்கொண்டே எழுதுகிறது. அந்தக் கடமையின் எல்லைக்கு வெளியே இருப்பவர்களை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

அரசாங்கத்தின் ஏடுகள் அந்த வேறிடமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இங்கிலாந்தில் 1841 முதல் எடுக்கப்பட்ட குடிக்கணக்கின் வீட்டுவாரிப் பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு சலவைக்காரியையோ பஞ்சாலைத் தொழிலாளியையோ பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர், வயது, வேலையோடு பின்தொடரலாம். சென்னை மாகாணத்தில் 1871இல் விரிவான குடிக்கணக்கு நடந்தது; 1881இலிருந்து 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தது. ஆனால் எண்ணி முடித்தபின் ஆள்வாரிப் படிவங்கள் வைக்கப்படவில்லை. மிஞ்சியவை அட்டவணைகள் மட்டுமே. மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல்தான் வந்தது. சிட்டா, அடங்கல், பட்டா ஆகியவை நிலத்தையும் தீர்வையையும் பற்றியவை. தீர்வை கட்டுபவர் பெரும்பாலும் ஆண் என்றே அவை கொண்டன. அட்டவணைகளிலும் கேள்வி கேட்ட விதம் பெண்ணின் வேலையை மறைத்தது. 1891 கணக்கு, ஒரு தொழிலை நம்பி வாழ்வோர் அனைவரையும் அந்தத் தொழிலின் கீழே ஒன்றாக எண்ணியது. உழைப்பவர் யார், சார்ந்திருப்பவர் யார் என்று 1901இல்தான் பிரித்தது. உடையார்பாளையத்துத் தறி வீட்டை நினைத்துப் பார்ப்போம். நூலைத் தோய்த்துக் காயவைப்பதும் இழையெடுப்பதும் தார் சுற்றுவதும் பாவோடுவதில் கைகொடுப்பதும் பெண்களின் வேலை. அவை நின்றால் தறி நிற்கும். தறியில் உட்காருபவன் நெசவாளி. தார் சுற்றுபவள் நெசவாளியின் பெண்சாதி. அவளுடைய வேலைக்குத் தனிக் கூலி இல்லாததால் தனிக் கணக்கும் இல்லை. கூலி கொடுத்தால்தான் கணக்கு எழுதவேண்டும் என்ற இந்த எளிய நியாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்து எங்கே போகவேண்டும் என்பது புலப்படும்.

அதற்கு முன் கூலியோடு தொடர்பில்லாத ஓர் ஏட்டைச் சொல்லியாக வேண்டும். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பித் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிய ஊர். வடுகர்பேட்டை, வரதராசன்பேட்டை என இந்த வட்டாரத்தில் பழைய கத்தோலிக்க ஊர்கள் பல உண்டு. 1899இல் அமைந்த கும்பகோணம் மறைமாவட்டத்துக்குள் இவை வருகின்றன. திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குதோறும் ஏட்டில் எழுதவேண்டும் என்பது 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் விதித்த கட்டளை. இறப்பு ஏடு 1614இல் சேர்ந்தது. நிலவுடைமை ஏட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஆழமானது. நிலத்தின் ஏட்டுக்குத் தகப்பன் போதும். திருச்சபைக்கோ, தடைசெய்யப்பட்ட உறவுமுறைக்குள் திருமணம் நடக்காமல் பார்க்க, தாய்வழியும் தெரிந்தாக வேண்டும். அதனால் குழந்தையின் பெயரோடு தகப்பனும் தாயும், ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் எழுதப்பட்டார்கள். அந்த ஞானத்தாய் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் உழைத்து வாழ்ந்த இன்னொரு பெண். ஒரே பெண்ணின் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு ஞானத்தாயாக வருகிறது என்று எண்ணினால், எழுதப் படிக்கத் தெரியாத, காணி இல்லாத ஒருத்தி தன் தெருவில் எவ்வளவு மதிப்போடு வாழ்ந்தாள் என்பதுகூடத் தெரியவரும். ஊரெல்லாம் ஒரே சில புனிதர்களின் பெயரை வைத்துக்கொள்வதால் குழப்பம் நேரும் என்பது உண்மை. அப்போதும் கணவன் பெயர், ஞானப்பெற்றோர், பிள்ளைகளின் இடைவெளி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒருத்தியை மற்றொருத்தியிலிருந்து பிரித்தறியலாம்.

கொள்ளிடக் கரையின் நஞ்சை நிலங்களில் வேறொரு வகை ஏடு பேசுகிறது. அதைப் படிக்கக் கல்நெஞ்சம் வேண்டும். தமிழகத்தின் அடிமை விற்பனை ஓலைகளில், நிலத்தோடும் தனியாகவும் விற்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதி மக்களில் பெண்களும் குழந்தைகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டதுண்டு. ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமை முறை’ நூலில் இத்தகைய ஆவணங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1819இல் சென்னை வருவாய் வாரியம் ஜில்லாதோறும் இம்முறையைப் பற்றி விசாரித்தது. 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. பண்ணையாள் முறை அதன் பின்னும் கடனின் பெயரால் நீடித்தது. தன் சொந்த வீட்டின் வம்சாவளியில் இடம்பெறாத பெண், தன்னை விலைக்கு விற்றவரின் ஓலையில் பெயரோடு இருக்கிறாள். இதுவரை பார்த்த ஏடுகளை ஒரு வரிசையில் வைத்தால் ஒரு பொதுமை தெரிகிறது. நிலத்தை வாங்கியவர், திருமுழுக்குக் கொடுத்தவர், ஆளை வாங்கியவர் என, அவளைப் பெயர் சொல்லி எழுதிய ஒவ்வொருவருக்கும் அவளிடமிருந்து ஏதோ ஒன்று உறுதியாக வேண்டியிருந்தது. பெயர் எழுதப்பட்டதை அவளுக்குக் கிடைத்த மதிப்பாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை.

இந்தப் பொதுமை முழு வடிவம் பெறுவது கடல் கடந்த ஒப்பந்தக் கூலிமுறையில். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு 1,52,184 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள்; அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று கப்பல் பட்டியல்கள் எழுதிவைத்தன. சுரேந்திர பாணா இப்பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு 1991இல் ஒரு நூல் எழுதினார். அஷ்வின் தேசாயும் கூலம் வாஹெதும் அவற்றோடு இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளைச் சேர்த்துத் தனிமனித வாழ்க்கைகளை மீட்டிருக்கிறார்கள். மொரிஷியஸ் சென்றவர்களின் பதிவுகள் அங்கே மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களிலிருந்து வந்தவர்களுக்கு நிழற்படமும் எடுக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு கிராமத்துக் கூலிப்பெண்ணுக்கு, அவளுடைய சொந்த ஊரில் இருக்கும் எல்லா ஏடுகளையும் சேர்த்தாலும் கிடைக்காத விவரம், அவள் ஊரை விட்டுப் போன ஒரே நாளில் ஒரே வரியில் எழுதப்பட்டது. தழும்பைக்கூட எழுதக் காரணம் இருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்திலிருந்து ஓடினால் பிடித்து அடையாளம் காட்ட அது வேண்டும்.

அந்த வரி எவ்வளவு தூரம் பேசும் என்பதற்குக் கூலிக் கணக்கே நல்ல எடுத்துக்காட்டு. நேட்டாலில் ஆணுக்கு முதலாண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி, அரிசி முதலான படியும் பாதி. 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே வாழ விரும்பியவர்கள்மேல் ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது. வரி பெண்களுக்கும் உண்டு. ஆணுடைய முதலாண்டுக் கூலி அளவில் 3 பவுன் ஆறு மாத உழைப்பு. பெண்ணுடைய மாதக் கூலி 5 ஷில்லிங் என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு 60 ஷில்லிங். அதாவது சரியாக 3 பவுன். கூலியில் அவள் அரை ஆள். வரியில் முழு ஆள். ஒரு பாட்டி ஏன் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தாள், ஏன் இரண்டாவது துணையைத் தேடினாள், ஏன் கப்பலேறி வெறுங்கையோடு திரும்பினாள் என்று குடும்பக் கதைகள் விளக்கத் தெரியாமல் விட்ட இடங்களை இந்தக் கணக்கு விளக்குகிறது. 1913இல் நேட்டாலில் பெண்கள் சிறை செல்லுமளவுக்குப் போராட்டம் வளர்ந்ததற்கும், 1914இல் அந்த வரி நீக்கப்பட்டதற்கும் பின்னால் இந்த எண்கள் இருக்கின்றன. பெண்கள் கணவனோடு சேர்ந்தே போயிருப்பார்கள் என்ற எண்ணத்தையும் பட்டியல்கள் திருத்துகின்றன. பிஜிக்குச் சென்ற வட இந்தியப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கணவன் இல்லாமல் சென்றவர்கள் என்று வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் கணக்கிட்டார். சென்னை வழியே சென்றவர்களில் குடும்பமாகப் போனவர்கள் மிகுதி என்பதால் அந்த விகிதத்தை அப்படியே திருச்சிராப்பள்ளிக்குப் பொருத்தக்கூடாது. ஆனாலும் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று பிற்காலத்தில் விதிக்கப்பட்ட பங்கை நிரப்ப, துணையற்ற பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். அவர்களை ‘இன்னார் மனைவி’ என்று மரபுப்பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

நேட்டாலையும் மொரிஷியஸையும்விட இந்தப் பகுதிக்கு நெருக்கமானது இலங்கை மலையகம். துறையூர், முசிறி, பெரம்பலூர் என்று பூர்விக ஊரைச் சொல்லும் குடும்பங்கள் அங்கே நிறைய. அரியலூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது 1920களின் இறுதியில்தான். காப்பித் தோட்டக் காலத்தில் போனவர்கள் தெற்கே கடற்கரை வரை நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, மீண்டும் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். காப்பி பருவகால வேலை; போனவர்களில் ஆண்களே அதிகம். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்துத் தேயிலை வந்தபோது, ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டியதாயிற்று. தோட்டத்துச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் கங்காணியின் கீழே நாள்தோறும் பெயர்கள் குறிக்கப்பட்டன. மலையகப் பேச்சில் ஒரு நாள் கூலிக்கே ‘பேர்’ என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு ‘அரைப்பேர்’. வேலை செய்த நாளில் மட்டும் ஒரு பெண்ணுக்குப் பெயர் உண்டு, குறைவாகச் செய்தால் பாதிப் பெயர்தான் என்று ஏடு சொன்னதை அந்த மக்களின் மொழியே பதிந்துவைத்திருக்கிறது. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டமோ, தகப்பன் இலங்கையில் பிறந்தாரா, இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்களா என்று கேட்டது. தோட்டத்தில் நாற்பதாண்டு கொழுந்தெடுத்த தாயின் செக்ரோல் வரிக்கு அந்தக் கேள்வியில் இடமில்லை. ஆண்வழியை மட்டுமே ஆவணமாகக் கருதும் பழக்கம் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. அது லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கும் வலிமை கொண்டது. 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தமிழகம் திரும்பிய குடும்பங்களிடம் இருக்கும் தோட்டத்துத் தாள்களை நாம் அக்கறையோடு படிக்கவேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முறைக்கு எதிராக வலுவான மறுப்புகள் உண்டு. கப்பல் பட்டியல்களை நம்பலாமா என்பது முதலாவது. பெயரைச் சொன்னவள் தமிழில் சொன்னாள். எழுதியவர் ஆங்கிலத்தில் தன் காதுக்குப் பட்டபடி எழுதினார். வயது மதிப்பீடு. சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. தேடிவரக்கூடாது என்று ஊரை மாற்றிச் சொன்னவர்களும் இருக்கக்கூடும். இவையெல்லாம் உண்மை. ஆகவே ஒரு வரியை மட்டும் வைத்து ஒரு வாழ்க்கையை எழுதக்கூடாது. ஆனால் பொய்க்கும் பயன் உண்டு. உயரமும் தழும்பும் எழுதுபவர் நேரில் பார்த்தவை. அவை சொன்னவளின் விருப்பத்துக்கு உட்படாதவை. பெயரும் சாதியும் அவள் சொன்னவை. அவற்றை அவள் மாற்றியிருந்தால் எதிலிருந்து விலக நினைத்தாள் என்பதை அதுவே காட்டும். நினைவு சார்ந்த சான்றையும் இப்படியே பகுத்துப் பார்க்கலாம். தாது வருஷத்தில் பிறந்தவள் என்று ஒரு குடும்பம் சொன்னால், அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். அவளுடைய மூத்த மகனின் வயதை வைத்து எது என்று முடிவுசெய்துவிடலாம். பிழை இல்லாத சான்று எந்த ஆய்விலும் கிடையாது. பிழை எந்தத் திசையில் சாயும் என்று தெரிந்த சான்று பயன்படும் சான்றுதான்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. கப்பலேறியவளும் திருமுழுக்குப் பெற்றவளும் காணி விற்றவளும் விதிவிலக்குகள். பிறந்த ஊருக்கும் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் இடையில் நாலைந்து மைல் நடந்து, தானியக் கூலிக்குக் களை பறித்துச் செத்துப்போன பெரும்பான்மைப் பெண்ணை இந்த ஏடுகள் காட்டுமா? காட்டா. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதும் குடும்ப வரலாறு நேர்மையானதாக இருக்க முடியாது. என்றாலும் ஏட்டில் அகப்பட்டவள் வேறு உலகத்தவள் அல்லள். கப்பலேறும் நாள்வரை அவளும் அந்தப் பெரும்பான்மைப் பெண்தான். அவளுடைய உயரமும் வயதும் துணையின்மையும் அவள் விட்டுவந்த ஊரைப் பற்றிய செய்திகள். ஏடு எட்டாத இடத்தில் வீட்டு வழக்கங்கள் உதவுகின்றன. பல மாவட்டங்களில், சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கி, கல்யாணத்துக்கு முன் புடவை வைத்துக் கும்பிடுகிறார்கள். அவளைப் பற்றிக் கேட்டால் யாருக்கு மனைவி, எப்படி இறந்தாள் என்று விவரம் வரும். ஆனால் இந்த நினைவும் தன் தேவையின்படியே தேர்ந்தெடுக்கிறது. பூவோடு போனவள் தெய்வமானாள். கணவனை இழந்தபின் முப்பது ஆண்டு கூலிக்குப் போய்ப் பிள்ளைகளை ஆளாக்கியவளுக்குப் புடவை வைப்பவர் இல்லை. அவளை மீட்க ஒப்பாரிதான் துணை. தாய் வீட்டு முறைமை, அண்ணன் தம்பி கொண்டுவந்த சீர், பட்ட கடன் எல்லாம் பெண்கள் வாய்வழியே பெண்களுக்குச் சொன்ன உறவுப் பதிவுகள். நாட்டார் இலக்கியமாக அவற்றைத் தொகுத்திருக்கிறோம். குடும்ப ஆவணமாக இன்னும் படிக்கத் தொடங்கவில்லை.

கூலிக்காரர்களின் வரலாற்றுக்குப் புள்ளிவிவரம் போதாதா, ஒருத்தியின் பெயரைத் தேடி என்ன ஆகப்போகிறது என்பது மூன்றாவது மறுப்பு. கயானா வம்சாவளியைச் சேர்ந்த கயூத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவிலிருந்து தனியாக, கர்ப்பிணியாகக் கப்பலேறிய தன் பூட்டி சுஜாரியாவைத் தேடி எழுதிய நூல் 2013இல் வந்தது. அவள் ஏன் போனாள் என்ற கேள்விக்கு உறுதியான பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதால்தான், கப்பலில் பெண்கள் பட்ட வன்கொடுமையும் தோட்டத்தில் அவர்களுக்கிருந்த பேரமும் ஒரே கதையாகச் சேர்ந்தன. புள்ளிவிவரம் 5 ஷில்லிங் என்று சொல்லும். ஒரு குறிப்பிட்ட பெண் அந்த 5 ஷில்லிங்கை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளோடு, எந்த ஊர் நினைப்போடு எந்த முடிவை எடுத்தாள் என்று கேட்கும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் வருகிறது. குடும்பங்கள் தங்கள் பாட்டி கூலிக்காரியாக இருந்ததைச் சொல்லக் கூசுவதும் உண்டு. அந்தக் கூச்சம்தான் வம்சாவளிகளில் ஜமீன் உறவையும் காணிப் பெருமையையும் நிரப்பி, அவளை மேலும் ஆழத்தில் புதைக்கிறது. காணியை வாங்கிய பணம் யாருடைய கைப்பாட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் அந்தப் பெருமையும் அவளிடம்தான் போய் நிற்கும்.

ஆகவே தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு விடை, இக்கட்டுரையின் முதல் வரியிலேயே இருக்கிறது. செந்துறையாள், வேப்பூராள் என்ற அழைப்பு ஒரு பெண்ணின் பெயரை அழித்தது. அதே அழைப்பு, அவளைக் கண்டுபிடிக்கத் தேவையான முகவரியையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. ஏனெனில் நாம் பார்த்த ஏடுகளில் பல ஊரைக் கொண்டு தேடக்கூடியவை. சார்பதிவாளர் அலுவலகத்துக் குறிப்பேடு கிராமத்தின் பெயரில் திறக்கும். பங்கு ஏடு ஊரின் பெயரில் திறக்கும். கப்பல் பட்டியலில் பெயர் சிதைந்திருந்தாலும் தாலுகாவையும் கிராமத்தையும் உச்சரித்துப் பார்த்து அறியலாம். எனவே குடும்ப வரலாறு எழுத உட்காருபவர் தகப்பன்வழியில் மேலே ஏறுவதற்கு முன், வீட்டின் மூத்த பெண்களிடம் மூன்று செய்திகளைக் கேட்டு எழுதிவிட வேண்டும்: அப்பாயியையும் பூட்டியையும் எந்த ஊர்ப் பெயரால் அழைத்தார்கள், அவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள், யாரிடம் கூலி வாங்கினார்கள். முதல் விடை ஊரைத் தரும், இரண்டாவது ஏட்டின் வகையைத் தரும், மூன்றாவது அந்த ஏடு யாரிடம் இருக்கும் என்பதைத் தரும். இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எண்பதைக் கடந்தவர்கள். பத்திரங்களும் பட்டியல்களும் ஆவணக் காப்பகங்களில் இன்னும் சில காலம் காத்திருக்கும். செந்துறையாளுக்குச் செந்துறையில் வைத்த பெயர் என்ன என்று தெரிந்தவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள்.